சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கலாகாது

தொண்டாமுத்தூரைத் தாண்டிப் பேருந்து காலியாகிவிட்டது. கடைசிப் பயணியாக அமீர் ஹம்சா தென்னந்தோப்பு நிறுத்தத்தில் இறங்கியபோது மேற்கு மலையின் விளிம்பு கறுக்கத் தொடங்கியிருந்தது. தோளில் தொங்கிய துணிப்பையில் ஒரு மாற்றுச் சட்டையும், பஞ்சும், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட் குப்பியும், மனைவி ஆமினா பீவி கட்டிக் கொடுத்த சப்பாத்திப் பொட்டலமும் இருந்தன. வானத்தை அண்ணாந்து பார்த்தார். நிலவு இல்லை, முகிலும் இல்லை. இத்தகைய இரவுக்காகத்தான் அவர் வந்திருந்தார்.

கோவை ஒப்பணக்கார வீதியை ஒட்டிய சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர் அவர். சிறு வயதில் கிட்டிப்புள் பட்டு இடக்கண்ணில் பார்வை போயிற்று. கடை, குடும்பம், வானம் ஆகிய மூன்றும் வலக்கண் ஒன்றை நம்பியே இருந்தன. ஆகவே அந்தக் கண்ணை அவர் பூப்போலப் பாதுகாத்தார். பிறர் அணிந்த கண்ணாடியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தருகே கொண்டுபோக மாட்டார். மூக்குத் தாங்கியில் படிந்த பச்சை அழுக்கைக் கண்டால், இத்தனை ஆண்டுத் தொழிலுக்குப் பிறகும் அவருக்குக் குமட்டும்.

சில விண்மீன்கள் ஒரே ஒளியில் நிற்பதில்லை. மாதக்கணக்கில் மங்கிப் பின் மாதக்கணக்கில் பிரகாசிக்கும். அருகிலுள்ள மாறாத விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்று அதன் ஒளி எவ்வளவு என்று கணிப்பதற்கென உலகெங்கும் சில ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அமீர் ஹம்சா அவர்களில் ஒருவர். அவருடைய கூட்டாளி திருமூர்த்தி, தென்னை விவசாயி. தண்ணீர்த் தொட்டி அகலத்துக்கு ஒரு தொலைநோக்கியைத் தம் கையாலேயே செய்து மொட்டைமாடியில் நிறுத்தியிருந்தார்.

இருவரும் பல ஆண்டுகளாகத் தொடர்ந்தது ஒரு செந்நிற விண்மீன். வேட்டைக்காரன் என்னும் விண்மீன் கூட்டத்தின் காலடியில், முயல் என்ற சிறு கூட்டத்தில், இரத்தத்துளி போலத் தெரியும். அதைப் பார்ப்பதில் ஒரு விதி உண்டு. சிவந்த விண்மீனை உற்றுப் பார்க்கலாகாது. சிவப்பு கண்ணுக்குள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பார்க்கப் பார்க்க, இல்லாத பிரகாசம் இருப்பதாகத் தோன்றும். திருமூர்த்தி இதை ஒவ்வொரு முறையும் சொல்வார்.

"ஒரு வீச்சுப் பாருங்க பாய், கண்ணை எடுத்துப்போடுங்க. உத்துப் பார்த்தீங்கன்னா அது நம்மளப் பார்க்க ஆரம்பிச்சுரும்."

இன்னொரு வழக்கமும் அவர்களிடையே இருந்தது. ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் உடனே சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்தவர் கணிப்பு கெட்டுவிடும். "நீங்க பார்த்துச் சொல்லுங்க பாய், பொறவு நான் சொல்றேன்" என்பார் திருமூர்த்தி. எப்போதும் அப்படித்தான்.

திருமூர்த்தி தை மாதம் இறந்துபோனார். மாரடைப்பு என்று செய்தி வந்தது. கோவையிலிருந்து அமீர் ஹம்சா போய்ச் சேர்வதற்குள் எரியூட்டி முடித்திருந்தார்கள். அவ்வளவு அவசரம் ஏன் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது மாசி. விண்மீன் தன் மிகக் குறைந்த ஒளிக்கு இறங்கியிருக்கும். கோட்டைமேட்டில் தம் வீட்டு மாடியிலுள்ள சிறிய கருவிக்கு அது எட்டாது. ஓர் இறக்கத்தையும் அவர்கள் தவறவிட்டதில்லை. அந்தச் சமயத்தில் திருமூர்த்தியின் மனைவி வள்ளியாத்தாளே தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கொழாயை நீங்களே கொண்டுட்டுப் போயிருங்க பாய்" என்றார். தொலைநோக்கியை ஏற்றிப்போகக் காலையில் வண்டி வரும். அதற்கு முன் இன்று ஒரே ஒரு பார்வை.

"வாங்க பாய், வாங்க. ஊட்ல அம்மணி சௌக்கியங்களா?"

வள்ளியாத்தாள் இளைத்திருந்தார். காப்பி கொடுத்தார். வாசல் குழாயில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து, அந்தி நேர மஃரிபு தொழுகையை முடித்துவிட்டு வந்தபோதுதான் அமீர் ஹம்சா அதைக் கவனித்தார். மாடிப்படியின் முதற்படியைச் சுற்றி எறும்பு மருந்துக் கோடுகள் வெள்ளையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, சுண்ணாம்புப் பூச்சுப் போலத் தடித்துக் கிடந்தன. அவற்றையும் கடந்து கறுப்பெறும்புகள் ஒரு நூலைப் போல இறங்கிக்கொண்டிருந்தன.

"மேலிருந்துதானுங்க வருது. என்ன போட்டாலும் நிக்க மாட்டீங்குது."

"சக்கரை ஏதாச்சும் சிந்திருச்சாக்கா?"

வள்ளியாத்தாள் படியைப் பார்க்காமல் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டார்.

களத்து மூலையில் பெரிய விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சம் மாடி வரை அடித்தது. "அதை மட்டும் அணைக்கச் சொல்லாதீங்க பாய். ஒத்தைக்கொம்பன் போன வாரம்கூட வேலியைப் பிச்சுப்போட்டுப் போச்சு. பாரஸ்ட்காரங்க ராத்திரி பூராம் எரியோணும்னு சொல்லிப்போட்டாங்க. இவரு இருந்தவரைக்கும் அணைச்சு அணைச்சுத்தான் பாதித் தோப்பை யானைக்கு விருந்து வெச்சாரு" என்று சொல்லி வள்ளியாத்தாள் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மங்கிய விண்மீனைக் காணக் கண் இருளுக்குப் பழக வேண்டும். வெளிச்சமுள்ள இடத்தில் ஆர்வலர்கள் பார்க்கும் கண்ணைக் கறுப்பு மூடியால் அரைமணி நேரம் கட்டி வைப்பார்கள்; மற்றொரு கண்ணால் நடமாடுவார்கள். அமீர் ஹம்சாவுக்கு மற்றொரு கண் இல்லை. அவர் மூடியைக் கட்டினால் முழுக் குருடர். ஆகவே திருமூர்த்தி எப்போதும் அவர் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போவார். "ஒத்தைக்கண்ணு பாய் ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கறாரு, நாந்தான் அவருக்குக் கண்ணாடி" என்று கேலி செய்தபடி.

பையைத் துழாவினார். மூடியைக் கடையிலேயே மறந்து வந்திருந்தார்.

"அக்கா, அவரோட கண்ணுமூடி இருக்குதுங்களா?"

வள்ளியாத்தாள் சற்றுத் தயங்கினார். பிறகு உள்ளே போய், தோலால் தைத்த அந்தக் கறுப்பு மூடியை நாடாவின் நுனியில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி வந்து, மேசையில் செய்தித்தாளின்மேல் போட்டார். போட்ட விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

அமீர் ஹம்சா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து மூடியின் உட்புறத்தைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளானது. இன்னொரு பஞ்சு, அது பழுப்பானது. உள்ளே வெல்வெட்டுத் துணி, காய்ந்த பீளையால் மொரமொரப்பாகி, கருவாட்டுச் செதிலைப் போல உரிந்துவந்தது. அதில் இமைமயிர்கள் ஒட்டியிருந்தன. ஒன்றிரண்டல்ல, ஒரு கொத்து. அவற்றின் வேரில் வெளிர்நிறத் தோல்.

பஞ்சைக் கீழே போட்டார். வேண்டாம் என்று எழுந்துவிடலாமா என நினைத்தார். ஆனால் விண்மீன் இன்னும் சற்று நேரத்தில் உச்சியைக் கடந்துவிடும். வண்டி வந்துவிட்டால் இந்த மாடியும் இருக்காது. குப்பியைக் கவிழ்த்து மூடியைக் கழுவி, காற்றில் ஆட்டி உலர்த்தி, தம் ஒரே கண்ணின்மேல் கட்டிக்கொண்டார்.

உலர்ந்துதான் இருந்தது. கட்டிய மறுகணம் உள்ளே ஈரம் பட்டது.

"அரைமணி கழிச்சுப் படிகிட்டக் கொண்டாந்து உட்டுருங்கக்கா. கைப்பிடியைப் பிடிச்சு நானே ஏறிக்குவேன்."

"படி வரைக்கும் வாரேனுங்க. அதுக்கு மேல என்னையக் கூப்புடாதீங்க."

அவர் நாற்காலியில் தனியே அமர்ந்தார். இருட்டு. தோப்பில் காய்ந்த மட்டைகள் உரசிக்கொண்டன. எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. பிறகு ஒரு வாடை வந்தது. முதலில் காறிப்போன தேங்காய் எண்ணெய் என்று நினைத்தார். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை.

கை வந்தது.

அவருடைய வலக்கையை மெல்லப் பற்றி எழுப்பியது. "நேரமாயிருச்சாக்கா?" என்றார். பதில் இல்லை. கூச்சமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பின்னே நடந்தார். பற்றிய விரல்கள் குளிர்ந்திருந்தன. அவற்றின் தோல் சதையோடு ஒட்டவில்லை; வெந்த கிழங்கின் தோல்போல எலும்பின்மேல் வழுகிக்கொண்டே வந்தது. வேலை செய்த கை, ஈரக்கை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

முதற்படி காலில் தட்டியது.

கை விடவில்லை.

இரண்டாம் படி. மூன்றாம் படி. காலடியில் எறும்புகள் நொறுங்கும் மெல்லிய ஓசை கேட்டது. சில அவர் கணுக்காலில் ஏறின. மாடிக் காற்று முகத்தில் பட்டது. கை அவரைத் தொலைநோக்கியின் முன்னிருந்த முக்காலியில் பதமாக உட்கார வைத்தது. அந்தப் பதம் அவருக்குப் பழக்கமானது.

அப்போது கீழேயிருந்து, சமையலறைப் பக்கமாக, வள்ளியாத்தாளின் குரல் கேட்டது.

"பாய், அரைமணி ஆயிருச்சுங்களா? வரட்டுங்களா?"

அமீர் ஹம்சாவின் கை இன்னும் அந்தக் கைக்குள்தான் இருந்தது.

அவர் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து மூடி மெதுவாக அவிழ்க்கப்பட்டது. அவர் திரும்ப முயன்றார். பிடரியில் ஓர் உள்ளங்கை பதிந்து, முகத்தைக் கண்ணருகு வில்லையை நோக்கிக் குனிய வைத்தது. முரட்டுத்தனம் இல்லை. கொங்கு நாட்டு விருந்தாளியைப் பந்தியில் உட்கார வைப்பது போன்ற பணிவு அதில் இருந்தது.

வில்லையைச் சுற்றிய ரப்பர் வளையம் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. இப்போதுதான் ஒருவர் கண்ணை எடுத்தது போல.

செந்நிற விண்மீன் நடுவில் நின்றது. மிக மங்கலாக இருக்க வேண்டிய அது, எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் இல்லாத தொலைநோக்கி அது. பூமி சுழல்வதால் எந்த விண்மீனும் சற்று நேரத்தில் பார்வையைவிட்டு நகர்ந்துபோகும். இது நகரவில்லை. குழாயை யாரோ நூலிழை நூலிழையாகத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரப்பலகையின் முனகல் அவர் காதில் விழுந்தது.

ஒரு வீச்சுப் பார்த்தாயிற்று. கண்ணை எடுக்க வேண்டும்.

எடுக்க முடியவில்லை.

இமையின் விளிம்பு வளையத்தோடு பசைபோல ஒட்டியிருந்தது. சிவப்பு வளர்ந்தது. கொப்புளம் போல உப்பியது. அதன் நடுவே சீழ்நிறத்தில் ஏதோ அசைந்தது. அப்போது அவருடைய இமைமயிர்களை வேறு இமைமயிர்கள் வருடின. கண்ணாடிக்கு உட்புறமிருந்து.

அவர் இமைக்கவில்லை. அது இமைத்தது.

காதருகே மூச்சு இல்லாத ஒரு குரல்.

"நீங்க சொல்லுங்க பாய்... பொறவு நான் சொல்றேன்."

அமீர் ஹம்சாவின் நாவில் இறைவன் பெயர் வந்தது, அதற்குமேல் வரவில்லை. வலக்கண்ணின் மூலையில் ஓர் எறும்பு நுழைந்து கடித்தது. இந்தக் கண் போனால் எல்லாம் போயிற்று. கடைக் கதவைக்கூடத் தாமாகத் திறக்க முடியாது. ஆமினாவின் முகம் இனி நினைவில் மட்டுமே. அந்த அச்சமே அவருக்கு ஒரு சமயோசிதத்தைக் கொடுத்தது. கண் களைத்தால் ஆர்வலர்கள் கண் மாற்றிப் பார்ப்பது வழக்கம்.

"திருமூர்த்தி," என்றார், எப்போதும் பேசுவதுபோலவே. "இந்தக் கண்ணு களைச்சுப்போச்சுங்க. அடுத்த கண்ணுல பார்த்துச் சொல்றேன்."

பிடரிக் கை யோசித்தது. பிறகு தளர்ந்தது.

இமையோரத் தோல் கிழிய வலக்கண்ணைப் பிய்த்தெடுத்தார். முகத்தைத் திருப்பி, பார்வையற்ற இடக்கண்ணை வளையத்தில் வைத்தார். எதுவும் தெரியவில்லை. உணர்வு மட்டும் இருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவைப் போன்ற ஒன்று, குளிர்ந்து, கொழகொழவென்று, இமைக்கடியில் வழுகி உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. அடித்தொண்டையில் அதன் சுவை தெரிந்தது.

"எப்புடி இருக்குதுங்க?"

"ஒண்ணும்... ஒண்ணும் தெரியலீங்க."

மரப்பலகையின் முனகல் நின்றது. பின் கை விலகியது.

அவர் படிகளில் உருண்டு இறங்கினார். களத்து விளக்கின் கூசும் வெளிச்சம் வலக்கண்ணில் பட்டபோது குழந்தைபோல அழுதார். கண் இருந்தது. தென்னைப் பாத்தியில் மண்டியிட்டுக் குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார். வள்ளியாத்தாள் செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார். அவருடைய கையைப் பார்த்ததும் செம்பை நழுவவிட்டார். அமீர் ஹம்சாவின் வலது உள்ளங்கையில் மெல்லிய சவ்வுபோல ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ரேகைகள் இருந்தன.

"என்னதான் நடந்துச்சுக்கா? மாரடைப்புன்னுதானே சொன்னீங்க?"

"மாரடைப்புத்தானுங்க." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பெருந்துறைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தேனுங்க. ரெண்டு நாள் ஆளில்லை. வந்து பார்க்கறப்ப அந்தக் கொழாயிலயே மொகத்தை வெச்சபடி உக்காந்திருந்தாரு. கூப்புட்டேன். தொட்டேன். பிரிச்செடுத்தப்ப... ஒரு கண்ணு அதுலயே நின்னுபோச்சுங்க. மிச்சத்தை எறும்பு..."

"எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"கட்டுனவரு மொகத்தை எறும்பு தின்னுபோட்டுதுன்னு எந்த வாயால பாய் சொல்றது?"

நழுவிய செம்பை அமீர் ஹம்சா எடுத்து நிமிர்த்தி வைத்தார். வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தொலைநோக்கியைத் தோப்பின் பாழுங்கிணற்றில் தள்ளி மண் போட்டதாகச் சில நாட்களில் வள்ளியாத்தாள் தெரிவித்தார். மாடியில் எறும்பு நின்றுவிட்டதாம். ஒன்றுகூட இல்லையாம்.

சுனையொன்றில் வாழ்ந்த நண்டின் கதை ஒன்று உண்டு. அதன் ஒரு கொடுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. நீர்ப்பாம்பு வந்து மறித்தபோது, நண்டு அந்தச் செத்த கொடுக்கை நீட்டி, இதை எடுத்துக்கொண்டு என்னை விடு என்றது. பாம்பும் சம்மதித்தது. நண்டின் சாமர்த்தியத்தைப் பாராட்டிக் கதையை அங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் பாம்பு அந்தக் கொடுக்கைத் தின்னவில்லை; பிய்க்கவுமில்லை; அதன் உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போயிற்று என்ற பகுதியைக் குழந்தைகள் உறங்கிய பின்புதான் சொல்லலாம்.

பங்குனி பிறந்தபோது, காலையில் படுக்கையை உதறிய ஆமினா பீவி கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, உங்க தலகாணியில மட்டும் ஏன் இத்தனை எறும்பு? ராத்திரி ஏதும் தின்னீங்களா?"

"இல்லியே."

"இடப்பக்கமே சாரி சாரியாப் போகுது பாருங்க. பார்வையில்லாத கண்ணுல இப்புடித் தண்ணி வடியறது நல்லதில்லைங்க. வாடை வேற. டாக்டரம்மாகிட்டக் காட்டிருங்க."

அவர் மனைவியிடம் சொல்லாத ஒன்று இருந்தது. மாலையில் வலக்கண்ணை மூடினால், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருண்டு கிடந்த இடக்கண்ணில் இப்போது ஒரு புள்ளி தெரிந்தது. சிவப்பு. முந்தைய நாளைவிட ஒரு சாயல் கூடுதலாக. கணித்துப் பழகிய மனம் வேண்டாமென்றாலும் கணித்தது. வானத்தில் இருப்பதிலிருந்து பார்வையை விலக்கலாம். கண்ணுக்குள் இருப்பதிலிருந்து எங்கே விலக்குவது?

கண் மருத்துவர் ராமாமணி, அவர் கடைக்கு நோயாளிகளை அனுப்புபவர், நெடுநாள் பழக்கம். "என்னங்க பாய், கண்ணாடி விக்கறவருக்கே கண்ணு தொந்தரவுங்களா?" என்று சிரித்தபடி அறையின் விளக்கை அணைத்தார். அமீர் ஹம்சா மேசைமேல் இருந்த கருவியின் தாங்கியில் தாடையை வைத்தார். எதிர்ப்புறமிருந்து மருத்துவர் கருவியின் வில்லைகளில் தம் கண்களைப் பொருத்தினார். மெல்லிய ஒளிக்கீற்று முதலில் வலக்கண்ணில் விழுந்தது.

"இது அருமையா இருக்குதுங்க. பயப்படாதீங்க."

கீற்று இடப்பக்கம் நகர்ந்தது.

மருத்துவர் சட்டென்று பின்வாங்கினார். வில்லையைத் துணியால் துடைத்தார். "இமைக்காதீங்க பாய்."

"நான் இமைக்கலீங்க."

அவர் மறுபடியும் கண்களைப் பொருத்தினார். அறையில் குளிர்விப்பானின் ஓசை மட்டும் இருந்தது. அது தணிந்த ஓர் இடைவெளியில், பூச்சாடித் தண்ணீரின் வாடை மேசையைக் கடந்து பரவியது.

"டாக்டரம்மா, ஒரு வீச்சுப் பார்த்துட்டுக் கண்ணை எடுத்துருங்க."

அவர் எடுக்கவில்லை.

"உத்துப் பார்க்காதீங்கம்மா. கண்ணை எடுங்க. தயவுசெஞ்சு எடுங்க."

அமீர் ஹம்சாவின் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. இடக்கண்ணின் மூலையிலிருந்து வெளிப்பட்ட ஒரு கறுப்பெறும்பு, மூக்கின்மேல் ஏறி, தாங்கியின் இரும்புக் கம்பியைப் பிடித்து, கருவியின் குழாய் வழியே அப்புறமாக நடந்தது. அதன் பின்னே இன்னொன்று.

மருத்துவர் அசையவே இல்லை. அவருடைய குரல் மட்டும், மிகவும் பணிவாக, இருட்டுக்குள்ளிருந்து வந்தது.

"செவப்பா ஒரு புள்ளி தெரியுதுங்க. பார்க்கப் பார்க்க வெளிச்சமாகுது... நீங்க சொல்லுங்க பாய், பொறவு நான் சொல்றேன்."